'பரவாயில்லை'க்கு எத்தனை மதிப்பெண்?

வார்டன் எழிலரசி காலையில் சி பிளாக்கைச் சுற்றி வரும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்பார். எந்த அறை வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தி. மூன்று பேர் தங்கும் அறைக்கு வெளியே ஆறு ஜோடி கிடந்தால் உள்ளே அரட்டை நடக்கிறது, கவலையில்லை. ஒரு வாசலில் பத்து நாளாக ஒரே ஒரு ஜோடிதான் கிடக்கிறது என்றால், ஏதோ ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டிவிடுவார்.

"மேடம், கீழ ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள்.

"ஆமாடி, உன் அட்டெண்டன்ஸத்தான் தேடிக்கினு கீறேன்."

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில், கார் கம்பெனிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. சி பிளாக் என்பது மாணவிகள் விடுதி. நூற்று எண்பத்திரண்டு பேர். படியேறினால் இடது பக்கம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நூற்றுப் பதினெட்டு பேர். செய்யாறு, குடியாத்தம், திண்டிவனம், கொஞ்சம் தூத்துக்குடி. வலது பக்கம் வெளிநாட்டுப் பிள்ளைகள் அறுபத்து நான்கு பேர். தான்சானியா, மலாவி, நேபாளம், பூட்டான். நடுவில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, எழிலரசி.

செருப்பு பார்க்கும் வித்தை போன் கம்பெனியில் கற்றது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பத்து வருடம் வேலை. கடைசி நான்கு வருடம் லைன் லீடர். அவருக்குக் கீழே ஐம்பத்தாறு பெண்கள். ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொருத்தியும் பலகையில் தன் பெயருக்கு நேராக ஒரு முகத்தை ஒட்டவேண்டும். சிரிக்கும் முகம் பச்சை, சும்மா இருக்கும் முகம் மஞ்சள், அழும் முகம் சிவப்பு. மஞ்சளை ஒட்டினால் சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் வந்து நின்று, "இன்னாமா, வூட்ல பிராப்ளமா?" என்பார். அதனால் பலகை வருடம் முழுக்கப் பச்சைப்பசேல் என்று இருந்தது. பச்சை ஒட்டிவிட்டுப் போன ஒருத்தி ஒரு நாள் பாத்ரூமில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அழுதாள், லைன் நின்றது. அன்றோடு எழிலரசிக்கு முகங்கள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று. உள்ளே கம்பெனி ஷூ மாட்டவேண்டும் என்பதால் எல்லாரும் செருப்பை வெளியே கழற்றுவார்கள். யார் யாரோடு சேர்ந்து கழற்றுகிறாள், யாருடையது தனியாக ஓரத்தில் கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பார்த்தவரை தப்பவில்லை.

கம்பெனிக்குப் பிறகு சுங்குவார்சத்திரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் மூன்று வருடம். அங்கிருந்து இங்கே வந்து ஆறு வருடம். இப்போது வயது நாற்பத்து மூன்று. வீடு சேரப்பணஞ்சேரியில். கணவர் டில்லிபாபு கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர் ஷிஃப்டும் இவர் ட்யூட்டியும் மாறி மாறி வருவதால், இருவரும் சேர்ந்து சாப்பிடுவது வாரத்தில் மூன்று வேளை. அந்த மூன்று வேளையிலும் பேச்சு சி பிளாக்கைப் பற்றித்தான் என்று டில்லிபாபு எல்லாரிடமும் புகார் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜனவரி மாதம் ஒரு நாள் ஜெபகுமார் அந்த மேசைக்கு வந்தார். மாணவர் நலப் பிரிவுக்குப் புதிதாக வந்த உளவியல் விரிவுரையாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை, எதையும் வரைபடமாகப் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"மேடம், எல்லா ஹாஸ்டல்லயும் ஒரு சர்வே எடுக்கிறோம். பிள்ளைங்க மனசளவுல எப்படி இருக்காங்கன்னு. வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் படிவம், நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ். கம்ப்யூட்டர்ல போட்டு மொழிபெயர்த்தேன். ஒரு தடவ பாத்துடுங்களேன்."

எழிலரசி முதல் கேள்வியை உரக்கப் படித்தார். "'உங்கள் வாழ்க்கையால் நீங்கள் எவ்வளவு நிரம்பியுள்ளீர்கள்?' இன்னா சார் இது, நிரம்பறதுக்குப் பிள்ளைங்க இன்னா தண்ணி டேங்க்கா?"

அதற்குக் கீழே ஐந்து கட்டங்கள். நடுக்கட்டத்தில், ஆங்கில 'ஃபேர்' என்ற வார்த்தைக்கு, 'நியாயமான' என்று இருந்தது. எழிலரசி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து மொத்தத்தையும் திருத்தி எழுதினார். 'மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறது? சாப்பாடு, தூக்கம், சிநேகிதம் எப்படி? மனசு எப்படி?' ஐந்து கட்டங்களுக்கும் பெயர் வைத்தார்: ரொம்ப மோசம், மோசம், பரவாயில்லை, நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு.

"சூப்பர் மேடம்," என்றார் ஜெபகுமார். எழிலரசிக்குப் பெருமைதான். தான் எழுதியது அச்சாகி வருவது அவருக்கு அதுவே முதல் தடவை.

பத்து நாள் கழித்து ஜெபகுமார் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் வரைபடம் இருந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், அஞ்சுக்கு நம்ம வலது பக்கம் நாலு புள்ளி ஆறு. இடது பக்கம் மூணு புள்ளி ஒண்ணு. மொத்த யூனிவர்சிட்டியிலயே கடைசி உங்க இடது பக்கம்தான்."

சிவப்பு நிறத்தில் குட்டையாக ஒரு தூண் நின்றது. அதைத்தான் பதிவாளர் தசரதன் முதலில் பார்த்திருக்கிறார். விடுதிகளை எங்களிடம் விடுங்கள் என்று ஒரு தனியார் நிர்வாக நிறுவனம் தீபாவளியிலிருந்தே அவர் அறைக்கு நடந்துகொண்டிருந்தது. இப்போது அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். சி பிளாக் அந்த நிறுவனத்துக்குப் போகும். எழிலரசி பஸ் பாஸ் கவுன்ட்டருக்குப் போவார்.

அன்று மதியம் வீட்டில் டில்லிபாபு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "போனா போவுது வுடு. கவுன்ட்டர்ல உக்காந்தா தலைக்கு மேல ஃபேன், கண்ணாடி ஜன்னல். உனுக்கு இன்னா கஷ்டம்?"

"நூத்திப் பதினெட்டுப் பிள்ளைங்க என் கையில இருந்துகினு சந்தோஷமா இல்லன்னு எழுதிக் குடுத்துக்கீதுங்க. நீ ஃபேனப் பத்திப் பேசினுகீற."

"கொளம்பு ஊத்தட்டுமான்னாவது கேளு."

"உனுக்குக் கையில்ல?"

டில்லிபாபு தானே ஊற்றிக்கொண்டார்.

எழிலரசிக்கு வலித்தது கவுன்ட்டர் அல்ல. ஆறு வருடமாக அந்தப் பிள்ளைகளின் காய்ச்சல், அரியர், அப்பாக்களோடு போனில் போடும் சண்டை எல்லாம் அவர் வழியாகத்தான் போயிருக்கின்றன. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. அது அவருடைய தப்பா, அந்தத் தூணின் தப்பா என்று தெரியவேண்டும். தெரியாமல் சாவியைக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

புதன்கிழமை மதியம் மெஸ்ஸில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"ஏண்டி, எல்லாம் சேர்ந்து இன்னா எழுதி வெச்சிக்கீறீங்க? வாழ்க்கை பரவாயில்ல, மனசு பரவாயில்ல, தூக்கம் பரவாயில்ல. அப்டி இன்னா கொடுமைடி பண்ணேன் உங்கள?"

குடியாத்தத்துப் பெண் ஷாலின் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "பரவால்லன்னா நல்லாகீதுன்னுதானே மேடம் அர்த்தம்? எங்கப்பா என் பத்தாவது மார்க்கப் பாத்துட்டு பரவால்லன்னாரு. அன்னிக்குத் தெரு பூரா சாக்லெட் குடுத்தாரு."

"அப்ப 'நல்லா இருக்கு'ன்னு ஒரு கட்டம் இருந்ததே, அத ஏன் தொடல?"

இதற்கு மாரிசெல்வி பதில் சொன்னாள். தூத்துக்குடிக்காரி, இரண்டாம் வருடம். "எப்படி மேடம் தொட? நல்லா இருக்கேன்னு நம்மளே எழுதுனா கண்ணு பட்ரும்லா? போன வருசம் எங்க அக்கா 'ரொம்ப நல்லாருக்கேன்'னு ஸ்டேட்டஸ் போட்டா. மறுநாள் வண்டியில இருந்து விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டா."

"கண்ணுல்லாம் சும்மா," என்றாள் அடுத்த மேசையிலிருந்த கங்கா. "நான் வேற காரணத்துக்குப் போடல. எல்லாம் நல்லாருக்குன்னு எழுதினா, அப்புறம் எதுக்கு மாத்தணும்னு வுட்டுடுவாங்க. சனிக்கிழமை பூரி ரெண்டோட நின்னுடும். 'மோசம்'னு எழுதினா உங்களத் திட்டுவாங்க. அதான் மேடம் நடுவுல போட்டோம்."

"எல்லாரும் பேசி வெச்சிக்கினா போட்டீங்க?"

"பேசணுமா இன்னா? அது தானா வர்றதுதானே."

எழிலரசி வாளியின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். தூணைக் குட்டையாக்கியது அவரே எழுதிய ஒற்றை வார்த்தை. 'நியாயமான' என்றே விட்டிருந்தால் பிள்ளைகள் அர்த்தம் புரியாமல் அங்கும் இங்கும் டிக் அடித்திருப்பார்கள். இடது பக்கம் தப்பித்திருக்கும். நல்ல தமிழில் எழுதித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார்.

சரி, இடது பக்கம் புரிந்துவிட்டது. வலது பக்கம் மட்டும் எப்படி நாலு புள்ளி ஆறு? சர்வே எடுத்த வாரம்தான் ஒரு நேபாளத்துப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. மலாவிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு விசா நீட்டிப்பு வரவில்லை. அவர்கள் எல்லாரும் எப்படி 'ரொம்ப நல்லா' இருந்தார்கள்?

அவர் நேராகப் பதினான்காம் எண் அறைக்குப் போனார். அது ஒருவர் தங்கும் அறை. அங்கே இருப்பவள் நீமா. தான்சானியாக்காரி, மூன்றாம் வருடம், பயோமெடிக்கல் வகுப்பில் முதலிடம் வாங்கி வந்தவள். ஹாஸ்டலில் கற்ற சென்னைத் தமிழை அவளுடைய ஆங்கிலத்தோடு கலந்து பேசுவாள். அவளைப் பற்றி எழிலரசிக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. வந்த இரண்டாம் மாதத்திலிருந்து அந்த வாசலில் ஒரு செருப்பும் கிடந்ததில்லை. மற்றவர்களுடையது மட்டுமல்ல, அவளுடையதுகூட. இந்தப் பெண்ணுக்கு நாதியே இல்லை என்று முடிவு கட்டி, நவம்பரிலிருந்து இடது பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரைத் தினமும் மாலையில் துணைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் ஐந்து மணிக்குப் பதினான்காம் எண் வாசலில் மூன்று ஜோடி கிடக்கும். எழிலரசிக்குத் திருப்தி.

"நீமா, எப்டிமா கீற?"

"ரொம்ப நல்லா, ஆன்ட்டி!" பளிச்சென்று பதில் வந்தது.

"நெஜமாவா? படிவத்துலயும் அப்படித்தான் போட்டியா?"

நீமா சிரித்தாள். "ஆன்ட்டி, எங்க ஊர்ல 'ஹபாரி' கேப்பாங்க. என்ன நியூஸ்னு. உடனே 'ந்ஸுரி' சொல்லணும். நல்ல நியூஸ். வீட்டு கூரை பறந்து போச்சுன்னாலும் முதல்ல அதான். பேட் சொன்னா மேனர்ஸ் இல்ல. வந்தவங்க பயந்துடுவாங்க."

"அப்ப கூர பறந்தத எப்பதான் சொல்லுவீங்க?"

"அப்புறம். ந்ஸுரி, லகினி… அப்படி."

எழிலரசி நிமிர்ந்தார். "லகினியா? லேகினா?"

கம்பெனியில் பீகார், ஒடிசாப் பெண்கள் அவர் லைனில் இருந்தார்கள். லீவு வேண்டும் என்றால் முதலில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, 'லேகின் தீதி' என்று இழுப்பார்கள். அந்த இழுப்புக்குப் பிறகுதான் விஷயமே வரும். இந்தி தெரியாத எழிலரசி முதலில் கற்றுக்கொண்ட இந்தி வார்த்தை அது. தான்சானியாவில் அது எப்படிப் போய் உட்கார்ந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"'ஆனா'தானே?" என்று கேட்டார்.

"எஸ், ஆனா! ஆனா படிவத்துல 'ஆனா' போட இடம் இல்ல, ஆன்ட்டி."

அடுத்த ஐந்தாவது நிமிடம் எழிலரசி ஜெபகுமார் அறையில் நின்றார். "சார், ஒரு பக்கம் நல்லாகீதுன்னு சொன்னா கண்ணு பட்டுடும். இன்னொரு பக்கம் நல்லால்லன்னு சொன்னா மரியாத இல்ல. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா எப்டி சார்?"

ஜெபகுமார் நெற்றியைத் தேய்த்தார். "ஊருக்கு ஊர் பதில் சொல்ற விதம் மாறும்னு எம்.ஃபில்ல ஒரு முழு சேப்டர் படிச்சிருக்கேன் மேடம். பரீட்சை எழுதினதும் மறந்துட்டேன்."

"மறந்ததுக்குப் பரிகாரமா ஒரு வரி சேருங்க. எல்லாக் கேள்விக்கும் கீழ 'ஆனா' போட்டு ஒரு கோடு. நூத்தி எண்பத்திரண்டு காப்பி. நாளைக்கு மதியம் எனுக்கு வேணும்."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள்ள எப்படி மேடம்?"

"நாளைக்கு நாலு மணிக்குக் குடுத்தா ஆறு மணிக்கு உங்க டேபிள்ல கீது. நான் லைன் ஓட்னவ சார்."

ஓட்டிக் காட்டினார். வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு எல்லாத் தாளும் திரும்பி வந்தன. இருவரும் மெஸ்ஸில் ஒரு மேசையைப் பிடித்துப் பிரித்துப் படித்தார்கள். டிக்குகள் அப்படியே பழைய இடத்தில்தான் இருந்தன. இடது பக்கம் நடுக்கட்டம், வலது பக்கம் கடைசிக் கட்டம். கீழேதான் வேறு உலகம்.

இடது பக்கத்து 'ஆனா'க்கள் குட்டையானவை. பரவாயில்லை, ஆனா பூரி பத்தல. பரவாயில்லை, ஆனா மாடியில வைஃபை எடுக்கல. பரவாயில்லை, ஆனா கம்பெனி பஸ்காரங்க காலைல அஞ்சு மணிக்கு ஹாரன் அடிக்கிறாங்க. அந்தத் தாளை எழிலரசி டில்லிபாபுவிடம் காட்டத் தனியாகப் பெயர்த்து எழுதிக்கொண்டார். ஒருத்தி மட்டும் நீளமாக எழுதியிருந்தாள்: வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்களாம், படிப்பை முடிக்க விடுவார்களா தெரியவில்லையாம். அவளும் 'பரவாயில்லை' கட்டத்தில்தான் இருந்தாள். ஜெபகுமார் அந்தத் தாளை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வலது பக்கத்து 'ஆனா'க்கள் தாளின் பின்பக்கம் வரை ஓடின. மிக நன்று, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகப் பஸ் இல்லை. மிக நன்று, ஆனால் ஒரு வருடமாகச் சாதம் மட்டுமே சாப்பிட்டு வயிறு என்னோடு பேசுவதில்லை. மிக நன்று, ஆனால் ஒரு பேராசிரியர் என் பெயரைச் சொல்லக் கஷ்டப்பட்டு 'நேபாள்' என்று கூப்பிடுகிறார். மிக நன்று, ஆனால் விசா வரும்வரை எனக்குத் தூக்கம் வராது.

நாலு புள்ளி ஆறுக்குக் கீழே இத்தனை கிடந்தது. எழிலரசி உற்சாகமாகிவிட்டார். இந்தத் தாள்களோடு போனால் அந்தத் தூண் ஒரு நிமிடம்கூட நிற்காது. அப்போது ஜெபகுமார் ஒரு தாளை எடுத்தார், படித்தார், படிக்காதது மாதிரி அடியில் செருகப் பார்த்தார்.

"இன்னா சார் அது? குடுங்க."

மிக நன்று, ஆனால் வார்டன் ஆன்ட்டி எனக்கு நண்பர்களே இல்லை என்று நினைக்கிறார். தினமும் மூன்று பேரை அனுப்புகிறார். வாசலுக்கு வந்தவர்களைப் போகச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. நவம்பரிலிருந்து மாலையில் என்னால் என் பாடத்தைப் படிக்க முடியவில்லை. போன செமஸ்டரில் முதலிடம் போய்விட்டது.

பெயர் இல்லை. தேவையும் இல்லை.

எழிலரசி எழுந்து வலது பக்கம் நடந்தார். பதினான்காம் எண் கதவு சாத்தியிருந்தது. வாசலில் வழக்கமான மூன்று ஜோடி. உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. தட்டிவிட்டுத் திறந்தார். கதவுக்குப் பின்னால், சுவரோரம், ஒரு சாக்கின்மேல் ஷூக்களும் செருப்புகளுமாக ஏழு ஜோடி வரிசையாக இருந்தன. கட்டிலில் மலாவிப் பிள்ளைகள், ஜன்னலோரம் பூட்டான் பிள்ளை ஒருத்தி, தரையில் நேபாளத்துப் பிள்ளைகள். நடுவில் நோட்டுகளோடு ஷாலின், கங்கா, மாரிசெல்வி.

"செருப்ப ஏன் உள்ள வெச்சிக்கீறீங்க?" எழிலரசிக்குக் கேட்க வந்தது அது ஒன்றுதான்.

"முதல் மாசம் நாய் என் ஷூ ஒண்ணு எடுத்துட்டுப் போச்சு, ஆன்ட்டி," என்றாள் நீமா. "அப்புறம் என் ரூமுக்கு வர்ற எங்க சைடு ஆளுங்க எல்லாரும் உள்ளதான் வைப்போம்."

இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த வாசலைப் பார்த்து அவர் கணக்கிட்ட தனிமையெல்லாம் அந்த நாயின் வாய்க்குப் போயிற்று. படிவத்தைத் திட்டிக்கொண்டு இரண்டு நாளாக அலைந்தவர், அதே தப்பைத் தானும் செய்திருக்கிறார், அதுவும் நம்பிக்கையோடு. அவர் நீமாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தாள நாளைக்கு மீட்டிங்ல காட்டலாமா? உன் பேரு, ரூம் நம்பர் வராது. என் பேரு வரும்."

"உங்களுக்குப் பிரச்சனை வராதா, ஆன்ட்டி?"

"வரும். லைன்ல டிஃபெக்ட் பீஸ ஒளிச்சா அடுத்த ஸ்டேஷன்ல மாட்டும்மா. அத்த நாமளே எடுத்து வெச்சிட்டா மரியாத."

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. பதிவாளர் தசரதனுக்குப் பதினொன்றரைக்கு வேறொரு கூட்டம். நிர்வாக நிறுவனத்தின் சார்பில் மணிகண்டபிரபு வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, திறந்து வைத்த லேப்டாப். ஆறே மாதத்தில் இடது பக்கத்தை நாலரைக்குக் கொண்டுபோவோம், எழுத்திலேயே கொடுப்போம் என்றார். பதிவாளர் எழிலரசியைப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"ஆறு மாசம் எதுக்கு சார்? நானு திங்கக்கிழமையே நாலரை கொண்ணாறேன். 'பரவாயில்லை'ன்ற கட்டத்த அடிச்சிட்டு ரெண்டு 'நல்லா இருக்கு' போட்டா போதும். பிள்ளைங்க அப்டியேதான் இருக்கும், தூண் மட்டும் வளந்துடும்."

பதிவாளர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். ஜெபகுமார் அந்த இடைவெளியில் புகுந்து, இரண்டு பக்கத்துச் சராசரிகளையும் ஒப்பிட்டதே தன் தவறு என்று காரணத்தோடு சொன்னார். பிறகு எழிலரசி தாள்களை மேசையில் வைத்தார். நீமாவின் தாள்தான் மேலே இருந்தது. ஓரத்தில் அவர் ஒட்டுத்தாள் ஒட்டி 'வார்டன் என்பது நான்' என்று எழுதியிருந்தார்.

பதிவாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க மேல புகார் இல்லையாம்மா?"

"ஆமா சார்."

"இத எதுக்கு முதல்ல வச்சீங்க?"

"அந்தப் பொண்ணு நாலு புள்ளி ஆறுல கீற பொண்ணு சார். தூண மட்டும் பாத்தா அது ஜம்முனு கீதுன்னுதான் தெரியும். நானும் வாசல மட்டும் பாத்துட்டு அது தனியா கீதுன்னு நெனச்சிட்டேன். ரெண்டுமே தப்பு. அது எழுதினப்புறம்தான் தெரிஞ்சிது."

மணிகண்டபிரபு லேப்டாப்பில் அடுத்த பக்கத்துக்குப் போனார். பதிவாளர் கையைக் காட்டி நிறுத்தினார். மணி பதினொன்று இருபத்தைந்து. அவர் எழுந்துகொண்டே சொன்னார்: செமஸ்டர் முடியும் வரை சி பிளாக் எழிலரசியிடம். இந்த 'ஆனா'க்களில் எத்தனை தீர்ந்தது என்று ஏப்ரலில் கேட்பேன். பாதிகூடத் தீரவில்லை என்றால் பஸ் பாஸ் கவுன்ட்டர் உங்களுக்காகக் காலியாகத்தான் இருக்கும். முதலில் தீர வேண்டியது மேலே இருக்கும் தாள்.

"அப்ப பசங்க ஹாஸ்டல வேணா நாங்க எடுத்துக்கறோம் சார்," என்றார் மணிகண்டபிரபு.

"அங்க சராசரி நாலு புள்ளி ஒன்பது," என்றார் ஜெபகுமார். "படிக்காமலே எல்லாரும் கடைசிக் கட்டத்துல டிக் அடிச்சிட்டாங்க. அதுக்கு மேல நீங்க எங்க கொண்டுபோவீங்க?"

எழிலரசி திரும்பி வந்து ஷாலின், கங்கா, மாரிசெல்வி மூவரையும் கூப்பிட்டார். "இன்னியோட துணைக்குப் போற ட்யூட்டி கேன்சல். அந்தப் பொண்ணு படிக்கணும். எவளும் அந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது."

மூன்று பேர் முகமும் தொங்கிப்போயிற்று. முதலில் வாய் திறந்தது மாரிசெல்வி. "மேடம், திங்கக்கிழம மேக்ஸ் இன்டர்னல். எனக்கு மூணாவது யூனிட் பாதியில நிக்கி."

"அதுக்கு?"

"நீமா அக்காதான மேடம் சொல்லித் தாரா. எங்க சார் நடத்துனா ஒண்ணும் வெளங்காது. அவ நடத்துனா வெளங்குது."

"மூணு மாசமா அங்க துணைக்கா போனீங்க, டியூஷனுக்கா?"

ஷாலின் தரையைப் பார்த்தாள். கங்கா கூரையைப் பார்த்தாள்.

"அதான் அந்தப் பொண்ணுக்கு ஃபர்ஸ்ட் ரேங்க் போச்சாடி? ஏண்டி, அது வாயத் தொறந்து போகச் சொல்லாதுன்னு தெரிஞ்சிக்கினே ஒக்காந்தீங்களா?"

"நெசமாவே தெரியாது மேடம். நாங்க போனா 'வாங்க வாங்க'ன்னு சிரிச்சா," என்றாள் மாரிசெல்வி. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மூவரையும் அழைத்துக்கொண்டு எழிலரசி பதினான்காம் எண் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னார். மாரிசெல்வி மன்னிப்புக் கேட்டாள், பாதியில் நிற்கும் யூனிட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. நீமா அவளைப் பார்த்தாள், கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டினாள்: சனி, ஞாயிறு, நாலு முதல் ஆறு.

"மத்த நாள் தட்டினா?" என்று கங்கா கேட்டாள்.

நீமா கொஞ்சம் யோசித்தாள். போகச் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அந்த வார்த்தை கிடைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"மத்த நாள்," என்றாள், "நான் தொறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, தப்பாகப் பேசிவிட்டோமோ என்று எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசி பையிலிருந்து, தீர்க்கவேண்டிய 'ஆனா'க்களின் பட்டியலை எடுத்து முதல் வரியை அடித்தார். அடுத்த வரியில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸுக்காக டில்லிபாபுவுக்குப் போன் போட்டுக்கொண்டே நடந்தார்.